தடித்த கேபிளும் தகரச் சத்தமும்

டர்ன்டேபிளிலிருந்து சிக்னலை எடுத்துவரும் பழைய கேபிளின் வலப்பக்க பிளக் தளர்ந்துபோய், இசைத்தட்டின் நடுவே ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் அவ்வப்போது மௌன விரதம் இருக்கத் தொடங்கியது. பிளக்கைப் பிடித்து லேசாகத் திருகினால் சத்தம் திரும்பும். கையை எடுத்தால் போய்விடும். ஒரு பிளக்கை மாற்றினால் தீர்ந்துபோயிருக்க வேண்டிய வேலை. நானோ, இவ்வளவு நல்ல டர்ன்டேபிளுக்கு இந்த மெலிந்த கேபிளா என்று கேட்க ஒரு சாக்குக் கிடைத்த மகிழ்ச்சியில், கட்டைவிரல் தடிமனில், நெய்த மேலுறையும் பொன்முலாம் பூசிய பிளக்குகளும் கொண்ட ஒன்றரை மீட்டர் கேபிளை வாங்கிவிட்டேன். ஊசியைத் தாங்கும் கையான டோனார்மின் அடியில் செருகும் ஐந்து பின் டிஐஎன் பிளக் ஒரு முனையில், இரண்டு ஆர்சிஏ பிளக்குகளும் ஒரு எர்த் கம்பியும் மறுமுனையில். பார்க்க அத்தனை கம்பீரம்.

முதல் பத்து நிமிடம் பிரமாதமாகத்தான் இருந்தது. எல்லாமே முன்னைவிடத் துலக்கமாகக் கேட்பதுபோல் தோன்றியது. இரண்டாவது தட்டில் சந்தேகம் வந்தது. பாடகியின் ‘ஸ’வும் ‘ஷ’வும் சீறின. வயலினில் வில் உரசும் ஒலி உப்புத்தாள் தேய்ப்பதுபோல் இருந்தது. ஜால்ராவின் ஒலி தொடக்கத்தில் தகரம்போல் அடித்துவிட்டு, அதன்பின் மெல்லத் தேய்ந்து கரையும் அந்த நுனிப் பளபளப்பு இல்லாமல் சட்டென்று முடிந்தது. ஒரே நேரத்தில் கூச்சலாகவும் மந்தமாகவும் எப்படி ஒரு ஒலி இருக்க முடியும் என்று புரியவில்லை.

கேபிளைச் சந்தேகிக்க மனம் வரவில்லை, புதியது அல்லவா. ஊசி தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். உருப்பெருக்கியில் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஊசி அழுத்தத்தைத் தராசு வைத்துச் சரிபார்த்தேன், 2.0 கிராம், அப்படியே இருந்தது. டோனார்மின் உயரத்தை ஏற்றி இறக்கி இரண்டு மாலைப்பொழுதுகளை வீணாக்கினேன். மூன்றாம் நாள்தான் பழைய கேபிளை எடுத்து, தளர்ந்த பிளக்கை ஒரு கிளிப்பால் இறுக்கிப் பிடிக்க வைத்து மாற்றிப் போட்டுப் பார்த்தேன். சீறல் போய்விட்டது. ஜால்ராவும் முழுதாகத் திரும்பி வந்தது.

அப்போதுதான் மல்டிமீட்டரைத் தேடி எடுத்தேன்.

இதற்கு முன் என்னிடம் யாராவது கேட்டிருந்தால், கேபிள் என்பது ஓரிடத்து மின்சாரத்தை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் கம்பி, அவ்வளவுதான் என்று சொல்லியிருப்பேன். சிடி பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட உண்மை. அங்கே சிக்னல் 2 வோல்ட் அளவில், குறைந்த மின்தடை கொண்ட வெளியீட்டிலிருந்து கிளம்புகிறது. அதை அசைத்துப் பார்க்க ஒரு கேபிளால் ஆகாது. டர்ன்டேபிளில் கதை வேறு. ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றுவது கார்ட்ரிட்ஜ். அதில் நகரும் காந்த வகை, அதாவது எம்எம் கார்ட்ரிட்ஜ், தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட் வரைதான். அதுவும் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருளிலிருந்து வருகிறது. அந்தச் சுருளுக்குப் பெரிய தூண்டல் எண் உண்டு, அதாவது மின்னோட்டம் வேகமாக மாறுவதை அது எதிர்க்கும். கேபிளின் உள்கம்பியும், இரைச்சலைத் தடுக்க அதைச் சுற்றிய உலோக உறையான ஷீல்டும் சேர்ந்து ஒரு மின்தேக்கி. சுருளையும் மின்தேக்கியையும் இணைத்தால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டும் ஒத்ததிர்வுச் சுற்று ஒன்று பிறக்கும் என்பது பள்ளி இயற்பியல். அந்தச் சுற்று என் டர்ன்டேபிளுக்கு அடியில் ஓசைப்படாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் எனக்கு உறைக்கவில்லை. கேபிளை மாற்றியபோது கம்பியை மட்டும் நான் மாற்றவில்லை. கார்ட்ரிட்ஜின் மின்சுற்றில் ஒரு உறுப்பையே மாற்றிவிட்டேன்.

அளந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தவறு செய்வது சுலபம். முதலில் கார்ட்ரிட்ஜை, அதைத் தாங்கும் ஹெட்ஷெல்லோடு கழற்றி ஓரமாக வைத்துவிட வேண்டும். மீட்டர் தன் சோதனை மின்னோட்டத்தை அந்த நுண்ணிய சுருளுக்குள் செலுத்துவதை நான் விரும்பவில்லை; தவிர, சுருள் இணைந்திருந்தால் அளவும் பொருளற்றதாகிவிடும். பிறகு கேபிளின் ஒரு முனையை டோனார்மிலேயே விட்டுவிட்டு, மறுமுனையில் ஆர்சிஏ பிளக்கின் நடு முனைக்கும் வெளி வளையத்துக்கும் இடையே மின்தேக்குத்திறனை அளந்தேன். இப்படிச் செய்தால் டோனார்முக்குள் ஓடும் மயிரிழைக் கம்பிகளின் பங்கும் சேர்ந்தே கிடைத்துவிடும். மீட்டரின் சொந்தக் கம்பிகளே சில பைக்கோஃபாரட் (மின்தேக்குத்திறனின் சிறு அலகு) காட்டும். எதையும் தொடாமல் வைத்து அந்த அளவைப் படித்துக் கழித்துக்கொள்ள வேண்டும். கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு அளந்தால் எண் ஆடும். மேசைமேல் கிடத்திவிட்டு அளந்தேன்.

பழைய கேபிள், டோனார்ம் கம்பியோடு சேர்த்து, 85 பைக்கோஃபாரட். புதியது இடப்பக்கம் 297, வலப்பக்கம் 301. மூன்று முறை அளந்தேன், மாறவில்லை.

இதோடு, கார்ட்ரிட்ஜின் சிறு சிக்னலைப் பெரிதாக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப்பின் உள்ளீட்டில் இருப்பதையும் கூட்ட வேண்டும். என்னுடையதில் 100 பைக்கோஃபாரட் என்று கையேடு சொல்கிறது. ஆக, பழைய கேபிளோடு மொத்தம் 185. புதியதோடு ஏறத்தாழ 400. என் கார்ட்ரிட்ஜ் ஆடியோ டெக்னிகா விஎம்95 வரிசையில் மைக்ரோலைன் ஊசி கொண்டது. அதன் விவரத்தாளில் 47 கிலோஓம் சுமை, 100 முதல் 200 பைக்கோஃபாரட் வரை என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. பெட்டியைப் பிரித்த அன்றே அந்தத் தாளைப் படித்தேன். வெளியீடு 3.5 மில்லிவோல்ட் என்பதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மடித்து வைத்துவிட்டேன். மேலான டோனார்மில் எளிய கார்ட்ரிட்ஜைப் பூட்டியிருக்கிறேன் என்று கேலி செய்பவர்கள் உண்டு. இருக்கட்டும், அந்த ஊசி தட்டின் உட்பள்ளங்களில் போகிற அழகு எனக்குப் போதும்.

அதே தாளில் தூண்டல் எண் 550 மில்லிஹென்றி, அதாவது 0.55 ஹென்றி. ஒத்ததிர்வு அதிர்வெண்ணைக் கணக்கிட நீண்ட சூத்திரம் எழுதத் தேவையில்லை. தூண்டல் எண்ணை ஹென்றியிலும் மின்தேக்குத்திறனைப் பைக்கோஃபாரட்டிலும் வைத்துப் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுத்தால் விடை நேராகக் கிலோஹெர்ட்ஸில் வரும். பழைய கேபிளோடு 15.8 கிலோஹெர்ட்ஸ். புதியதோடு 10.7.

இந்த இரண்டு எண்களுக்கு இடையேதான் என் மூன்று நாள் குழப்பம் முழுவதும் இருந்தது. ஒத்ததிர்வு 15.8இல் இருக்கும்போது 47 கிலோஓம் மின்தடை அதை நன்றாக அடக்கிவைக்கிறது. கணக்குப்படி மேடு அரை டெசிபலைத் தாண்டாது. மின்தேக்குத்திறன் 400க்கு ஏறியதும் அதே மின்தடையால் அடக்க முடிவதில்லை. 9 கிலோஹெர்ட்ஸ் அருகே கிட்டத்தட்ட 3 டெசிபல் மேடு எழும்புகிறது; அதைத் தாண்டியதும் சரிவு, 20 கிலோஹெர்ட்ஸில் 9 டெசிபலுக்கும் கீழே. சீறலும் தகரச் சத்தமும் அந்த மேடு. நுனிப் பளபளப்பு காணாமல் போனது அந்தச் சரிவு. கூச்சலும் மந்தமும் ஒரே வீட்டில் குடியிருந்த மர்மம் இதுதான்.

காகிதக் கணக்கு மட்டும் போதாது என்று ஒரு வேலை செய்தேன். ஒரே தட்டின் ஒரே பகுதியை இரண்டு கேபிள்களிலும் ஓட்டி, கணினியில் 96 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் பதிவுசெய்து, 1 கிலோஹெர்ட்ஸ் அருகே இரண்டின் அளவையும் சமப்படுத்தி, நிறமாலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மேடு அங்கேதான் இருந்தது, உயரம் 2 டெசிபலைச் சற்றே தாண்டியது. கணக்கு சொன்ன 3 டெசிபலைவிடக் குறைவு, ஏனென்றால் பழைய கேபிளின் அரை டெசிபல் மேட்டுக்கு மேல் எழுந்ததை மட்டுமே இந்த ஒப்பீடு காட்டும். சுருளின் இரும்பு உள்ளகத்தில் உயர் அதிர்வெண்ணில் ஏற்படும் இழப்பை என் சூத்திரம் கண்டுகொள்ளவில்லை. ஊசித்தண்டுக்கும் ஒரு இயந்திர ஒத்ததிர்வு உண்டு, அதுவும் இதன்மேல் ஏறி உட்காரும். ஆனாலும் வளைவின் வடிவம் அதேதான்.

அந்தத் தடித்த கேபிளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அதன் ஒரு முனையைச் சற்றே பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு கம்பிகளை ஒன்றாக முறுக்கி, எதிரெதிர் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, மேலே நெருக்கமான செப்புப் பின்னல் வலை போர்த்தியிருந்தார்கள். மைக்ரோஃபோன் கேபிள்களில் வழக்கமான அமைப்பு. வெளி இரைச்சலை விரட்டுவதில் கெட்டிக்காரத்தனமானது. கம்பிகள் இவ்வளவு நெருங்கி நிற்பதால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 190 பைக்கோஃபாரட் வரை ஏறிவிடுகிறது. மைக்ரோஃபோனுக்கு அது பொருட்டே இல்லை, அதன் மின்தடை சில நூறு ஓம்தான். எனக்கு அது பொருட்டு. ஷ்யூர் வி15 மூன்றாம் வகை போன்ற பழைய கார்ட்ரிட்ஜ் ஒன்று என்னிடம் இருந்திருந்தால் இதே கேபிள் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். அது 400 முதல் 500 பைக்கோஃபாரட் வரை கேட்கும். மாறாக, 1970களில் வந்த சிடி-4 என்ற நான்கு தட இசைத்தட்டுகளில் பின்பக்க ஒலிக்கான தகவல் 30 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையின்மேல் ஏறி வந்தது. அதை ப்ரீஆம்ப் வரை கொண்டுசேர்க்கவே குறைந்த மின்தேக்குத்திறன் கொண்ட கேபிள்கள் தேவைப்பட்டன. எந்தக் கேபிள் நல்லது என்ற கேள்விக்கு முன்னால், எந்தக் கார்ட்ரிட்ஜுக்கு என்று கேட்காத எவருடைய பரிந்துரையையும் இப்போது நான் காதில் வாங்குவதில்லை.

தூய செம்பு, ஒற்றைப் படிகச் செம்பு, வெள்ளி என்று உலோகம் பற்றிய பேச்சும் இந்த வட்டாரத்தில் ஏராளம். நானும் ஒரு காலத்தில் வாய் பிளந்து கேட்டவன்தான். ஒரு மீட்டர் நீளச் செப்புக் கம்பி, 0.2 சதுர மில்லிமீட்டர் பருமனில், சுமார் 0.09 ஓம். அதையே வெள்ளியில் செய்தால் அதில் ஆறேழு சதவீதம் குறையும். என் கார்ட்ரிட்ஜ் சுருளின் மின்தடை 485 ஓம், ப்ரீஆம்ப்பின் சுமை 47,000 ஓம். கடலில் கரைத்த பெருங்காயம்.

சரி, மாற்று என்ன? பழைய கேபிளுக்கே புதிய பிளக் போட்டிருக்கலாம். ஆனால் அதன் ஷீல்டு மெல்லிய சுருள் சுற்று. வளையும் இடங்களில் இழைகள் விலகி இடைவெளி விட்டிருந்தன. எப்படியும் மீட்டரும் கையுமாக உட்கார்ந்தாகிவிட்டது, சொந்தமாக ஒன்று செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

முதலில் மனதில் வந்தது 75 ஓம் கோஆக்சியல் கேபிள், தொலைக்காட்சி ஆன்டெனாவுக்குப் போடும் வகை. நுரைத்த பாலிஎத்திலீன் காப்பு இருப்பதில் மீட்டருக்கு 55 பைக்கோஃபாரட்டுக்குள் அடங்கிவிடும். எண் அருமை, கேபிள் விறைப்பு. பிளக்கைச் செருகிய பிறகு அது தன் இஷ்டத்துக்கு நிமிர்ந்து டோனார்ம் அடித்தளத்தை ஒரு பக்கம் தள்ளியது. ஸ்பிரிங்கில் மிதக்கும் அடித்தளம் கொண்ட டர்ன்டேபிளாக இருந்தால் சமநிலையே குலைந்துவிடும். இன்னொரு குறையும் அதில் உண்டு. கோஆக்சியலில் சிக்னல் திரும்பி வரும் பாதையும் ஷீல்டும் ஒன்றே. ஷீல்டில் ஏறும் இரைச்சல் மின்னோட்டம் சிக்னலின் பாதையிலேயே நடக்கிறது. கார்ட்ரிட்ஜ் எர்த் உட்பட எதிலும் ஒட்டாமல் மிதக்கும் சுருள். அதன் இரு முனைகளுக்கும் சமமான இரண்டு கம்பிகளை முறுக்கிக் கொண்டுவந்து, ஷீல்டை வெறும் போர்வையாக மட்டும் வைத்துக்கொள்வதே அதற்கு இயல்பான ஏற்பாடு. எனவே நுரைக் காப்புள்ள, ஒன்றோடொன்று முறுக்கிய இரட்டைக் கம்பி, மேலே பின்னல் வலை உள்ள வகையைத் தேர்ந்தெடுத்தேன். மெலிதாக, துவண்டு விழுந்தது. கார்பன் கலந்த ஒரு மெல்லிய படலமும் உள்ளே இருந்ததால், கேபிளைத் தொட்டு அசைக்கும்போது வரும் கரகரப்பும் குறைவு.

அதன் விவரத்தாளில் மீட்டருக்கு 60 பைக்கோஃபாரட் என்று இருந்தது. ஒரு மீட்டர் வெட்டினேன், பிளக் போட்டேன், அளந்தேன். 104.

எங்கோ ஈயம் ஒழுகி ஷீல்டைத் தொடுகிறது போலும் என்று ஒரு முனையைப் பிரித்தே விட்டேன். பிறகு விவரத்தாளை மறுபடி விரித்துப் பார்த்தால், மின்தேக்குத்திறனுக்கு இரண்டு வரிகள் இருந்தன. முதலாவது, கம்பிக்கும் கம்பிக்கும் இடையே. இரண்டாவது, ஒரு கம்பிக்கும், ஷீல்டோடு சேர்த்துக் கட்டிய மற்றக் கம்பிக்கும் இடையே. ஆர்சிஏ பிளக்கில் திரும்பு கம்பியும் ஷீல்டும் ஒரே இடத்தில் சேர்கின்றன. ஆகவே எனக்குரியது இரண்டாவது வரி, அது முதல் எண்ணைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு. ப்ரீஆம்ப் பக்கம் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் பிளக் வைத்து, ஷீல்டைத் தனியாக விடும் சமநிலை உள்ளீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு முதல் வரி நெருங்கி வரும். நான் வாங்கியது முதல் வரியைப் பார்த்து.

ஒரு மீட்டரோடு மொத்தம், டோனார்ம் கம்பியின் 15ஐயும் ப்ரீஆம்ப்பின் 100ஐயும் சேர்த்து, 219. காதுக்குப் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. ஆனால் தாளில் 200 என்று படித்த பிறகு 219ஐ வைத்துக்கொண்டு தூக்கம் வராது. ப்ரீஆம்ப்பைத் திறந்து உள்ளீட்டு மின்தேக்கியை நீக்கிவிடலாம் என்று ஒரு நப்பாசை வந்தது. அதன் மூடியின் திருகாணிகளைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். கடைசியில் செய்தது மிக எளிமையானது. ப்ரீஆம்ப்பை அலமாரியின் ஓரத்திலிருந்து டர்ன்டேபிளுக்கு நேர் கீழ்த்தட்டுக்கு நகர்த்தினேன். 80 சென்டிமீட்டர் போதுமானதாகிவிட்டது. கேபிள் 83, மொத்தம் 198. ப்ரீஆம்ப்பிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளை எவ்வளவு நீளமாகவும் வைத்துக்கொள்ளலாம், அங்கே சிக்னல் வளர்ந்து ஆளாகிவிட்டது.

இனி பற்றவைப்பு. டிஐஎன் பிளக்கின் ஐந்து பின்களும் ஒரு பிளாஸ்டிக் வட்டில் பதிந்திருக்கின்றன. சூடு ஏறினால் அந்த வட்டு இளகி பின்கள் சாய்ந்துவிடும். அப்புறம் பிளக் எதிலும் செருகாது. பழைய கருவி ஒன்றிலிருந்து கழற்றிய அதே வகைச் சாக்கெட்டில் பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டு பற்றவைத்தால், சாக்கெட் பின்களை நேராகப் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் சூட்டையும் வாங்கிக்கொள்ளும். நுரைக் காப்பு இன்னும் மோசம், சால்டரிங் அயர்ன் பக்கத்தில் வந்தாலே சுருங்கி ஓடுகிறது. கம்பி முனைக்கும் பின்னுக்கும் தனித்தனியாக முதலில் ஈயம் பூசிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு நொடி தொட்டு எடுப்பதுதான் வழி. முதல் இரண்டு பின்கள் அசிங்கமாக வந்தன. ஐந்தாவது பளபளவென்று வந்தது. அதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கார்ட்ரிட்ஜின் பின்புறம் நான்கு நிறங்கள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை. வெள்ளை இடப்பக்க சிக்னல், நீலம் அதன் திரும்பு பாதை, சிவப்பு வலப்பக்க சிக்னல், பச்சை அதன் திரும்பு பாதை. டிஐஎன் பிளக்கின் ஐந்தாவது பின், நடுவில் இருப்பது, டோனார்மின் உலோக உடலுக்கான எர்த். என் டோனார்மின் படத்தைப் பார்த்துக் கவனமாகத்தான் இணைத்தேன். தட்டை ஓட்டினால் ஒலி சுத்தம், இரைச்சலும் எதிர்பார்த்த அளவுதான். ஆனால் இடப்பக்கம் உட்கார்ந்து வாசிக்கும் வயலின்காரர் வலப்பக்கம் எழுந்து போயிருந்தார். படம் காட்டியது பிளக்கின் செருகும் முகத்தை. நான் பற்றவைத்தது முதுகுப் பக்கம். கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாம் இடம் மாறியிருந்தது. நடு பின் நடுவிலேயே இருந்ததால் எர்த் மட்டும் சரியாக அமைந்து, தவறைக் காட்டிக்கொடுக்கவில்லை. மீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து ஒவ்வொரு பின்னையும் ஹெட்ஷெல் வரை துரத்திப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

எல்லாவற்றையும் பிரித்து மறுபடி பற்றவைத்தபோது இன்னொரு புத்திசாலித்தனம் செய்தேன். ஷீல்டு இரண்டு முனையிலும் இணைந்திருந்தால் இரட்டிப்புப் பாதுகாப்பு அல்லவா என்று, முன்பு சும்மா விட்டிருந்த டோனார்ம் பக்க ஷீல்டுகளையும் சேர்த்து நடு பின்னில் கட்டிவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்க ‘ஊம்’ என்று ஒரு கனத்த ரீங்காரம். தம்புரா என்று சொல்லிச் சமாளிக்கலாம், சுருதிதான் எதோடும் சேராது.

காரணம் எர்த் வளையம். இடப்பக்க ஷீல்டு, வலப்பக்க ஷீல்டு, தனி எர்த் கம்பி என மூன்று பாதைகள் டோனார்முக்கும் ப்ரீஆம்ப்புக்கும் இடையே இணையாக ஓடி, மூடிய வளையங்கள் ஆகிவிட்டன. பக்கத்தில் எங்காவது மின்மாற்றி இருந்தால் அதன் காந்தப்புலம் இந்த வளையங்களில் மின்னோட்டத்தை எழுப்பும். ஃபோனோ ப்ரீஆம்ப் இதை மன்னிக்கவே மன்னிக்காது. இசைத்தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிவது 1954 முதல் ஆர்ஐஏஏ வளைவு என்ற பொது அளவுகோலாக நிலைபெற்றது. கேட்கும்போது ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாக்குகிறது. அதாவது 50 ஹெர்ட்ஸில் இருப்பதை, 1 கிலோஹெர்ட்ஸில் இருப்பதைவிட 17 டெசிபல் கூடுதலாகத் தூக்கிக் கொடுக்கிறது. வீட்டு மின்சாரத்தின் ரீங்காரம் வந்து உட்காருவதற்கென்றே போட்ட நாற்காலி.

டோனார்ம் பக்கம் ஷீல்டுகளை மறுபடி வெட்டிவிட்டு, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடினேன். ஷீல்டு ப்ரீஆம்ப் பக்கம் மட்டும். டோனார்ம் உடலுக்குத் தனி எர்த் கம்பி மட்டும். ரீங்காரம் முக்கால்வாசி அடங்கியது. மிச்சத்தைக் கண்டுபிடிக்கக் கேபிளைக் கையில் பிடித்து அங்குமிங்கும் நகர்த்திக் கேட்டேன். ஓரிடத்தில் கூடியது, இன்னோரிடத்தில் குறைந்தது. ப்ரீஆம்ப்பைக் கீழ்த்தட்டுக்கு மாற்றியபோது அதன் மின்வழங்கிப் பெட்டியையும் கூடவே கொண்டுவந்து கேபிளுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அதை அரை மீட்டர் தள்ளி வைத்ததும், ஒலியளவை வழக்கத்தைவிட மேலே ஏற்றிக் காதை ஸ்பீக்கரோடு ஒட்டினால்தான் கேட்கும் அளவுக்கு வந்தது.

அந்தத் தடித்த கேபிள் அலமாரியில் சுருண்டு கிடந்தது. அதற்கும் ஒரு நாள் வந்தது.

சில மாதங்கள் கழித்து நகரும் சுருள் வகைக்கு, அதாவது எம்சி கார்ட்ரிட்ஜுக்கு, ஆசைப்பட்டு டெனான் டிஎல்-103ஐப் பூட்டினேன். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் ஒலிபரப்புக்காக உருவாகி, இன்றும் தயாரிப்பில் இருக்கும் கார்ட்ரிட்ஜ். வெளியீடு 0.3 மில்லிவோல்ட், சுருளின் மின்மறுப்பு வெறும் 40 ஓம். இதை ஒன்றுக்குப் பத்து விகிதத்தில் உயர்த்தும் சிறு மின்மாற்றி வழியாக அதே எம்எம் உள்ளீட்டுக்குக் கொண்டுபோனேன். விகிதத்தின் வர்க்கத்தால் சுமை சுருங்கும், ஆகவே கார்ட்ரிட்ஜ் காண்பது 47,000ஐ நூறால் வகுத்த 470 ஓம். அதற்கு அது வசதியான சுமை.

இங்கே கணக்கு முழுவதும் தலைகீழ். இந்தச் சுருளில் சுற்றுகள் மிகக் குறைவு. தூண்டல் எண் மில்லிஹென்றியில்கூட வராது. டோனார்ம் கேபிளில் 80 பைக்கோஃபாரட் இருந்தால் என்ன, 300 இருந்தால் என்ன, ஒத்ததிர்வு மெகாஹெர்ட்ஸ் பக்கம் எங்கோ கிடக்கும். காதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாறாக, சிக்னல் முன்னைவிட 21 டெசிபல் சிறியது. முன்பு காதை ஒட்டினால் மட்டும் கேட்ட ரீங்காரம் இப்போது நாற்காலியில் உட்கார்ந்தே கேட்டது. மெலிந்த என் கேபிளின் பின்னல் வலை இதற்குப் போதவில்லை.

தடித்த கேபிளை எடுத்து, டோனார்ம் பக்க இணைப்புகளைச் சரிபார்த்துச் செருகினேன். நான்கு கம்பி முறுக்கும் நெருக்கமான வலையும் எதற்காகச் செய்யப்பட்டனவோ அந்த வேலையைச் செய்தன. ரீங்காரம் அடங்கியது. ஜால்ரா தகரமாகவில்லை. 80 சென்டிமீட்டர் கேபிளின் டிஐஎன் முனையை வெட்டி, அதிலிருந்து 30 சென்டிமீட்டர் துண்டுகள் இரண்டை மின்மாற்றிக்கும் ப்ரீஆம்ப்புக்கும் இடையே போட்டேன். அந்த இடத்தில்தான் பைக்கோஃபாரட் திரும்பவும் தலைகாட்டுகிறது: மின்மாற்றியின் இரண்டாம் பக்கத்தில் தொங்கும் மின்தேக்குத்திறன் முதல் பக்கத்துக்கு நூறு மடங்காகத் தெரியும், அது மின்மாற்றியின் சொந்தக் கசிவுத் தூண்டலோடு சேர்ந்து மேல் அதிர்வெண்களில் வேண்டாத வேலை பார்க்கும். அதனால் அங்கே எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

வெட்டும்போது கை நடுங்கியது என்பது உண்மை. ஐந்தாவது பின்னைப் பளபளவென்று பற்றவைத்த பிளக் அதில்தான் இருந்தது. எம்எம் கார்ட்ரிட்ஜுக்கு என்றைக்காவது திரும்பினால் இன்னொன்று செய்ய வேண்டும்; கேபிள் சுருளில் இன்னும் மூன்று மீட்டர் மீதி இருக்கிறது. இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கும் ஒவ்வொரு கேபிளின் கழுத்திலும் ஒரு வெள்ளைத் தாள் சுற்றி ஒட்டியிருக்கிறது. நிறுவனத்தின் பெயர் இல்லை. நீளம், இடப்பக்கம் எத்தனை பைக்கோஃபாரட், வலப்பக்கம் எத்தனை, ஷீல்டு எந்த முனையில் இணைந்திருக்கிறது, அவ்வளவுதான். தடித்த கேபிளின் தாளில் மட்டும் கீழே இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன்: எம்சிக்கு மட்டும்.